பதினைந்து நாளாக ஒரே ‘க’ எழுதுகிறாளா? எழுதட்டும் அண்ணா

போன வாரம் சோமனூரிலிருந்து ஒரு தறிக்கூடக்காரர் என்னைப் பார்க்க வந்தார். கையில் மகளுடைய ஸ்கெட்ச் நோட்டு. மகள் கோவையில் ஒரு டிசைன் கல்லூரியில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள். “பதினஞ்சு நாளா ‘க’ மட்டும் எழுதிட்டு இருக்காளுங்க. ஒண்ணாங் கிளாஸ்லயே எழுதுனதுதானுங்க இது. கம்ப்யூட்டரையே தொட விடலையாம். இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறேன்?” என்று நோட்டை மேசைமேல் வைத்தார். அன்று அரை மணி நேரம்தான் பேச முடிந்தது. அப்போது விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பல்லடத்திலும் ஈரோட்டிலும் இதே கேள்வியை மனதுக்குள் வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

அண்ணா, முதலில் அந்த நோட்டைப் பற்றியே பேசுவோம். உங்கள் மகளின் முதல் நாள் ‘க’வையும் பதினைந்தாம் நாள் ‘க’வையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் எழுத்தில் படுக்கைக் கோடும் நெடுங்கோடும் ஒரே தடிமன். அளந்து பார்த்தால் சரிதான். ஆனால் கண்ணுக்குப் படுக்கைக் கோடு தடிமனாகத் தெரிந்தது. ஒரே தடிமனில் இரண்டு கோடு போட்டால் படுத்திருப்பது கனமாகத் தெரிவது மனிதக் கண்ணின் இயல்பு. பதினைந்தாம் நாள் அவளே படுக்கைக் கோட்டை மயிரிழை குறைத்திருந்தாள். வளைவை நேர்கோட்டின் எல்லையைச் சற்றுத் தாண்ட விட்டிருந்தாள், ஏனென்றால் வளைவு நேர்கோட்டின் அதே எல்லையில் நின்றால் சிறுத்துத் தெரியும். இதெல்லாம் அளவுகோல் சொல்லித் தராது. நூறு முறை எழுதி, தள்ளி வைத்துப் பார்த்து, மறுபடி எழுதினால்தான் கண்ணுக்குப் பிடிபடும். ஆசிரியர் ‘க’வில் தொடங்கியதற்கும் காரணம் இருக்கிறது. நெடுங்கோடு, படுக்கைக் கோடு, வளைவு மூன்றும் அந்த ஒரே எழுத்தில் வந்துவிடுகின்றன.

அடுத்து இடைவெளிப் பயிற்சி வரும். அதையும் பார்த்துக் குழம்பாதீர்கள். தறியில் பாவு இழைக்கு இழை ஒரே இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி கெட்டுப்போகும். எழுத்தில் அது தலைகீழ். ‘பட்டம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘ட’வுக்கு வலது பக்கம் மேலே வெறும் வெளி. எல்லா எழுத்துக்கும் நடுவில் ஒரே மில்லிமீட்டர் விட்டால் அந்த இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். அதனால் ‘ட’வுக்கு அடுத்து வருவதைக் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும். ‘ண’, ‘ஞ’ அகலமானவை, ‘ர’ ஒடுங்கியது, மேலே கொக்கி போல ‘ி’, கீழே வால் போல ‘ு’. இத்தனையையும் ஒரு வரியில் அமைதியாக உட்கார வைப்பதுதான் டைபோகிராஃபி. தமிழ் வரிகளுக்கு நடுவில் ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டியிருப்பதும் இந்தக் கொக்கியாலும் வாலாலும்தான்.

இது நம் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதற்குக் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் ஒரு நடை போனால் போதும். தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பலகைகளில் தமிழும் இருக்கிறது. ஆனால் பல பலகைகளில் ஆங்கில எழுத்தை யாரோ யோசித்து வரைந்திருப்பார்கள், தமிழைக் கிடைத்த ஃபாண்டில் தட்டி, இடம் நிரம்பும்வரை பக்கவாட்டில் இழுத்து விட்டிருப்பார்கள். அப்படி இழுக்கும்போது நெடுங்கோடு மட்டும் தடித்துப்போகும், படுக்கைக் கோடு அப்படியே நிற்கும். எழுத்துக்கு வீக்கம் கண்டது போல இருக்கும். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. 1578-இலேயே அச்சேறிய மொழி இது. அதன் எழுத்தை அக்கறையோடு வரையத் தெரிந்த ஆட்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் உங்கள் மகள் பழகிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் தினமும் பில்லில் பார்க்கும் ரூபாய்க் குறியை வரைந்தவர் உதயகுமார், தமிழ்நாட்டுக்காரர். மத்திய நிதியமைச்சகம் நடத்திய போட்டியில் அவருடைய வடிவம் தேர்வானது, 2010 ஜூலையில் அமைச்சரவை ஏற்றுக்கொண்டது. மும்பை ஐஐடியின் டிசைன் துறையில் அவர் செய்த முனைவர் ஆய்வு தமிழ் எழுத்துருவாக்கம் பற்றியது. எல்லாரும் அவரைப் போல ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்தை வருடக்கணக்காக உட்கார்ந்து படிப்பது ஒரு முழுமையான படிப்பு என்று நீங்கள் நம்புவதற்காகச் சொல்கிறேன்.

சரி, லோகோ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பயத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. “லோகோவை 500 ரூபாய்க்குப் போட்டுத் தர்றாங்களேங்க, அதைப் படிக்க நாலு வருஷமா?” என்று கேட்டீர்கள். 500 ரூபாய்க்குக் கிடைப்பது ஒரு படம். கல்லூரி ஸ்டுடியோவில், அதாவது பிள்ளைகள் உட்கார்ந்து வரைந்து பழகும் கூடத்தில், சொல்லித் தருவது வேறு. முதலில் வாடிக்கையாளரிடம் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். என்ன விற்கிறீர்கள், யார் வாங்குகிறார்கள், பெயர் எங்கெல்லாம் பதியப்போகிறது, பக்கத்துக் கடைக்காரர் என்ன குறி வைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் பென்சிலில் ஐம்பது, அறுபது சின்னச் சின்ன வரைவுகள். முதல் பத்தும் எல்லாருக்கும் தோன்றுவதுதான். மஞ்சள் கம்பெனி என்றால் மஞ்சள் கிழங்கு, தேங்காய் எண்ணெய் என்றால் தென்னை மரம். அதைத் தாண்டி வந்தால்தான் வேலை ஆரம்பம். பிறகு நிறமே இல்லாமல் கறுப்பு வெள்ளையில் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் சுருக்கிச் சுருக்கி, நகத்தளவில் வைத்துப் பார்ப்பார்கள்.

நம் கொங்கு நாட்டில் இந்தச் சோதனை இன்னும் கடுமை. கோவைப் பம்ப்பின் உடலில் பெயர் இரும்போடு இரும்பாக வார்க்கப்படுகிறது. மெல்லிய கோடு மணல் அச்சில் நிற்காது. திருப்பூர் பனியனின் கழுத்து லேபிள் இரண்டு விரல் அகலம்கூட இராது, அதில் நூலால் எழுத்து வர வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த திருப்பூர்ப் பையன் ஒருவன் குழந்தைத் துணிக்காக ஒரு லோகோ செய்தான். திரையில் அவ்வளவு அழகு. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, “லேபிளாக நெய்து கொண்டு வா” என்றார். நெய்து வந்த லேபிளில் ‘ஞ’வின் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், முழுக்க அடைத்துப்போய் ஒரு கட்டி மாதிரி நின்றது. அந்த லேபிளை அவன் இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு அவன் செய்த எல்லா எழுத்திலும் உள்வெளி தாராளமாக இருக்கும். இந்தப் பாடம் வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் கிடைக்கும். நம் பிள்ளைகளுக்கு வார்ப்படப் பட்டறையும் லேபிள் தறியும் டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன.

இன்னொன்று, காப்பி. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய குறியை வைத்து டிரேட்மார்க் போடப் போனால் எதிர்ப்பு வரலாம். பதிவு 10 ஆண்டுக்கு, பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒரு குடும்பம் தலைமுறையாக வைத்திருக்கப் போகும் சொத்து அது. நல்ல ஸ்டுடியோவில் முதல் செமஸ்டரிலேயே இதில் கண்டிப்பாக இருப்பார்கள்.

இப்போது நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது. செமஸ்டர் முடிவில் ஜூரி என்று ஒரு நாள் இருக்கும். சுவரில் வேலையை மாட்டி, ஆசிரியர்களும் வெளியாட்களும் முன்னால் நின்று கேள்வி கேட்பார்கள். ஏன் இந்த வளைவு, ஏன் இந்தத் தடிமன், இதற்கு முந்தையதை ஏன் விட்டாய்? அன்று இரவு பாப்பா போன் பண்ணி அழலாம். அப்போது “விட்டுட்டு வா கண்ணு, பி.காம் சேர்ந்து நம்ம கணக்கைப் பாத்துக்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அன்பில்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழகுவதுதான் அவளுடைய தொழில். நாளை ஒரு மில் முதலாளி முன்னால் நின்று அதே பதிலைச் சொல்ல வேண்டும். அவள் லீவுக்கு வரும்போது “நல்லா இருக்கு” என்று சொல்லி நிறுத்தாமல் “இதை ஏன் இப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். அவளால் பத்து நிமிஷம் பேச முடிந்தால் படிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். பேச முடியாமல், நோட்டில் இறுதி வடிவம் மட்டும் இருந்து நடுவில் திருத்தங்களே இல்லாவிட்டால், அப்போது கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். அப்போது கேட்பது நியாயம்.

வேலை கிடைக்குமா என்றால், ஒரே கதவு இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளின் லேபிள், அட்டை, பெட்டி. ஈரோட்டு மஞ்சள், மசாலாக்காரர்களின் பாக்கெட். கரூர் வீட்டுத் துணிக்காரர்களின் வெளிநாட்டுக் கேட்டலாக். விளம்பர நிறுவனங்கள், பதிப்பகங்கள், செயலி வடிவமைப்பு, எழுத்துரு நிறுவனங்கள். முதல் இரண்டு வருடம் கையில் வரும் பணம் உங்களுக்குக் குறைவாகத்தான் தோன்றும், அதை மறைக்க மாட்டேன். இந்தத் துறையில் மார்க்ஷீட்டைவிட போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் பார்ப்பார்கள். அது கனக்கக் கனக்கக் கூலி ஏறும். கூலிக்கு நெய்வதற்கும் சொந்தப் பெயரில் விற்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏஐ வந்து எல்லாம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் காட்டினீர்கள். படம் நிறையத் தரும். தமிழ் எழுத்தைப் பல நேரம் சிதைத்துத் தருகிறது, அது நாளைக்குச் சரியாகலாம். ஆனால் வந்த நூறில் எது வார்ப்படத்தில் நிற்கும், எது பக்கத்துக் கம்பெனி குறி போல இருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கண் வேண்டும். அதைத்தான் ‘க’வில் பழகுகிறாள்.

லேப்டாப் இப்போதே விலை உயர்ந்ததாக வாங்க வேண்டாம். ஆசிரியர் கேட்கும்போது வாங்கலாம். அதுவரை படம் வரைய இங்க்ஸ்கேப், எழுத்துரு செய்ய ஃபாண்ட்ஃபோர்ஜ், இரண்டு சாஃப்ட்வேரும் இலவசம், பழகத் தாராளம். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி போன்ற தமிழ் எழுத்துருக்கள் முறையான உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் சொற்பக் காசுக்கு எல்லா சாஃப்ட்வேரும் ஏற்றித் தருவார்கள், வேண்டாம். ஏற்றுமதிக்காரரின் பெட்டியில் உரிமம் இல்லாத ஃபாண்ட் ஏறினால் பதில் சொல்ல வேண்டியது அவள்தான். எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி வரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தவிர, அச்சகங்களில் இன்னும் புழங்கும் பழைய ஃபாண்ட் முறையையும் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள், நம் ஊரில் இரண்டும் தேவைப்படும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால்: டிசைன் பட்டப்படிப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வை மும்பை ஐஐடி நடத்துகிறது, எந்தப் பிரிவு படித்தவர்களும் எழுதலாம். தேசிய டிசைன் நிறுவனத்துக்கும், ஃபேஷன் படிப்புக்கான நிஃப்டுக்கும் தனித் தேர்வுகள். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளையும் மறக்க வேண்டாம். எந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனாலும் கம்ப்யூட்டர் லேபைக் காட்டுவார்கள். நீங்கள் ஸ்டுடியோவைக் காட்டச் சொல்லுங்கள். மேசையில் மைக்கறை இருக்கிறதா, சுவரில் பாதியில் நிற்கும் வேலைகள் இருக்கின்றனவா, தமிழ் எழுத்துக்கென்று தனிப் பயிற்சி உண்டா என்று பாருங்கள்.

அண்ணா, கடைசியாக ஒன்று. உங்கள் அப்பா காலத்தில் காடாத் துணியின் கரையில் குத்திய மரமுத்திரை ஒன்று பீரோவில் கிடக்கிறது என்று சொன்னீர்களே, அதில் ‘லை’ பழைய முறையில், யானைத் துதிக்கை போலச் சுழித்து இருக்கிறது என்று. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முந்தைய வடிவம் அது. கோடை லீவுக்குப் பாப்பா வரும்போது அதைத் துடைத்து அவள் கையில் கொடுங்கள். இன்றைய எழுத்தில் நம் தறிக்கூடத்துக்கு ஒரு பெயர்க்குறி வேண்டும், துணியில் மை கசிந்தாலும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று அவளையே கேளுங்கள். மூன்று வாரம் என்றால் மூன்று வாரம் கொடுங்கள்.