ஆபரேஷன் ஆன முழங்காலை மடக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. சைக்கிளிலிருந்து விழுந்ததில் முழங்காலுக்குள் எலும்பு பெயர்ந்துவிட்டது என்று துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. பிசியோதெரபிஸ்ட் மடக்கச் சொல்கிறார், இவன் அழுகிறான். எலும்பு கூடுவதற்குள் மடக்கினால் மறுபடி விட்டுவிடாதா? எண்ணெய் போட்டு நீவலாம் என்கிறார் மாமியார்.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மடக்கலாம் அம்மா, மடக்கத்தான் வேண்டும். பெரியவர்கள் இப்படி விழுந்தால் பெரும்பாலும் முழங்காலுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுந்துபோகும். வளரும் பிள்ளைகளுக்கு அந்த நாரைவிட அது ஒட்டியிருக்கும் எலும்பு முனை இளசு. அதனால் நார் தப்பி, முனை பெயர்ந்துவிடும். ஆர்த்ராஸ்கோப் கேமராவை உள்ளே விட்டு, அந்தத் துண்டை இருந்த இடத்தில் உட்கார வைத்து, நூலாலோ சிறு ஸ்க்ரூவாலோ பிடித்திருப்பார்கள். வெளியே தழும்பு சிறியதுதான். உள்ளே எலும்பு கூடுவதற்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆகும்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு நான் அதிகம் பயப்படுவது மூட்டு இறுகிப்போவதற்குத்தான். இறுகிய மூட்டை மயக்கம் கொடுத்து பலமாக மடக்கப் போய், தொடை எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டே முறிந்த பிள்ளைகள் உண்டு. ஆகவே இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக மடக்க விடுங்கள். எத்தனை டிகிரி வரை என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேளுங்கள். துண்டு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அவர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுத்தால் அழுகை குறையும்.

கால் முழுதாக நீள்வதும் அதே அளவு முக்கியம். பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடாதீர்கள். மடங்கிய வாக்கிலேயே இறுகிவிடும். சுருட்டிய டவலைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணச் சொல்லுங்கள். நடக்கும்போது பிரேஸ் இருக்கட்டும். எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்துச் சொல்வார்கள்.

நீவுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

காய்ச்சல், துளையில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், பாதம் மரத்துப்போதல் - இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சைக்கிள், ஓட்டம், விளையாட்டு எல்லாம் சில மாதங்கள் கழித்து, தொடைத் தசை மறுகாலுக்குச் சமமாகத் தேறிய பிறகுதான்.