அம்மா காத்திருக்கலாம், தப்பில்லை

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றி நான் அனுப்பிய சிறுகதையை ‘தேய்வழக்கு’ என்று ஒரே சொல்லில் திருப்பிவிட்டீர்கள். பலரும் எழுதிய சூழலை எடுத்தாலே தேய்வழக்கா? உருவகம், குறியீடு, படிமம் என்று விமர்சகர்கள் அடுக்குவதும் இதுவும் ஒன்றா, வேறா? பிரிந்த சகோதரர்கள் கதையைக் கமல்ஹாசன் எடுத்தால் மட்டும் ரசிக்கிறீர்களே?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: கோபம் நியாயமானது. ஒரு சொல்லில் முடித்ததை இப்போது கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

தாய் காத்திருப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது ஒரு கதை வழக்கு. ஆங்கிலத்தில் விமர்சனம் படிப்பவர்கள் ட்ரோப் என்பார்கள். பலர் கையாண்டதால், சொல்லத் தொடங்கியதுமே வாசகருக்குப் பிடிபட்டுவிடும் சூழல், பாத்திரம், திருப்பம் எல்லாம் இதில் சேரும். வழக்கு பொதுச்சொத்து. யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காதலைப் பாடும் நம் சங்ககால அகப்பாடல்களே இந்தப் பொதுச்சொத்தில்தான் குடித்தனம் நடத்துகின்றன. மகள் காதலில் மெலிகிறாள். காரணம் தெரியாத தாய் குறி சொல்லும் கட்டுவிச்சியை அழைக்கிறாள், அல்லது முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நடத்துகிறாள். உண்மை தோழிக்குத் தெரியும். சங்கப் பாடல்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனாலும் குறுந்தொகை 23இல் ஔவையார் என்ன செய்கிறார் பாருங்கள். சங்குமணிக் கோவை போல நரைத்த கூந்தலுடைய கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டிருக்கிறாள். தோழி குறுக்கிட்டு, ‘இன்னும் பாடுக பாட்டே, அவர் நன்னெடுங் குன்றம் பாடிய பாட்டே’ என்கிறாள். அவர் குன்றமா? எவர் அவர்? தாயின் காதில் அந்த ஒரு சொல் விழுந்தால் போதும், மீதியை அவளே விசாரித்துக்கொள்வாள். ஐந்து வரி, வேலை முடிந்தது.

நற்றிணை 34இல் அதே சூழல். இங்கே தோழி முருகனிடமே நேராகப் பேசுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்து நிற்கிறாயே, ‘கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே’. திட்டிவிட்டு வாழ்த்தவும் செய்கிறாள்! குறுந்தொகை 362இல் அவள் வேலனைப் பிடித்துக்கொள்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன்: நீ ஆட்டுக்குட்டியை அறுத்துப் பலி கொடுக்கிறாயே, இவளை இப்படி ஆக்கியவனின் மாலையணிந்த மார்பும் அந்தப் பலியை உண்ணுமா? மூன்றும் ஒரே வழக்கு. மூன்றிலும் தோழி நிற்கும் இடம் வேறு, அவள் பேசும் ஆள் வேறு.

இனி உங்கள் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். தொலைபேசி மணி அடிக்கிறது. சாமி விளக்கு அணைகிறது. அம்மாவின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவுகிறது. மகனுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்வதற்கு முன்பே நான் துக்கம் விசாரித்துவிட்டேன். இதைத்தான் தேய்வழக்கு என்றேன். விளக்கு அணைவதை முதலில் கதையில் வைத்தவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. இன்று எழுதுகிறவர் யோசிக்காமலே அது பேனாவில் இறங்கிவிடுகிறது.

விமர்சகர்கள் அடுக்கும் பட்டியலில் தேய்வழக்குக்கு இடம் கிடையாது. அது பழுது. உவமைக்கும் வரும், குறியீட்டுக்கும் வரும், பாத்திரத்துக்கும் வரும், கதைத் தலைப்புக்குக்கூட வரும். நிலா முகம் என்று எழுதிப் பாருங்கள், தெரியும்.

மற்றவற்றுக்குக் கபிலரின் ஒரே பாட்டு போதும், குறுந்தொகை 25:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

அவன் என்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், ஒரு குருகு, அதாவது நீர்ப்பறவை, மட்டும் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. தினைத்தாள் அன்ன கால், அதாவது தினையின் தண்டு போன்ற கால் என்பது உவமை. ‘அன்ன’வை எடுத்துவிட்டுக் காலையே தினைத்தாள் ஆக்கியிருந்தால் உருவகம். ஓடும் நீரில் மெல்லிய கால் ஊன்றி ஆரல் மீனுக்காகப் பார்த்து நிற்கும் குருகு கண்முன் வருகிறதே, அது படிமம். இருந்த ஒரே சாட்சியும் தன் இரையில் கண்ணாக இருந்தது, அவளுக்காகப் பேச வராது என்று படித்தால் அதே குருகு குறியீடு. இவையெல்லாம் இந்த வரிகளுக்குள் கபிலர் செய்தவை. களவில், அதாவது ஊரறியாமல், கூடியவன் கைவிட்டுவிடுவானோ என்று தலைவி அஞ்சும் சூழல் மட்டும் அவருக்கு மரபிலிருந்து வந்தது. அதுதான் வழக்கு. (கல்லூரி வினாத்தாளில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் தருகிறார்கள். அது வேறு சண்டை.)

ஒரே படைப்புக்குள் திரும்பத் திரும்ப வரும் பொருள் இன்னொரு வகை. சிலப்பதிகாரத்தில் சிலம்பு விற்கப் போகிறது, பழியாகிறது, உடைந்து மாணிக்கப் பரலாகச் சிதறிக் கோவலன் மீதான திருட்டு வழக்கையே தீர்க்கிறது. அதை மோட்டிஃப் என்பார்கள். ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ (அரசாட்சியில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும்) என்று நூலின் முன்னுரையான பதிகம் சொல்வது கருப்பொருள், படைப்பு சொல்ல வரும் கருத்து. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மதிப்புரைகள் வாரம் ஒன்றாவது என் மேசைக்கு வருகின்றன.

கமல்ஹாசன் விஷயம். பிரிந்த சகோதரர்கள் குடும்பப் பாட்டைப் பாடி ஒன்று சேர்வதை 1975இல் ‘நாளை நமதே’யில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். 1990இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ வந்தபோது அந்த வழக்கு நன்றாகவே தேய்ந்திருந்தது. படத்துக்கும் அது தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் தெரியும். அதனால் மூன்று சகோதரர்களை நான்கு பேராக்கி, ஆள்மாறாட்டத்தைக் கட்டுக்கடங்காமல் பெருக்கிச் சிரிக்க வைத்தது. நீங்களும் அந்த டம்ளரைச் சிரிப்புக்காக நழுவவிட்டிருந்தால் பிரசுரித்திருப்பேன். ஆனால் அழத்தானே சொன்னீர்கள்?

முதல் இரண்டு பக்கம் நன்றாக இருந்தது, குறிப்பாக அம்மா மகனின் சம்பளத்தைப் பக்கத்து வீட்டில் கூட்டிச் சொல்லும் இடம். அங்கிருந்து கதையைத் தொடர்ந்து எழுதி அனுப்புங்கள். மகனை உயிரோடு விட்டுவைத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.