தூதர் எப்போது தூதராகிறார்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புதிய தூதர் ஒருவர் தலைநகருக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் அந்நாட்டு அதிபரிடம் நற்சான்றுக் கடிதம் (இவரே எங்கள் தூதர் என்று சொல்லும் கடிதம்) கொடுத்தார் என்று செய்தியில் படித்தேன். அந்த மூன்று வாரம் அவர் தூதரா, இல்லையா? எத்தனையோ வருடம் பணியாற்றி மேலே வந்த ஒருவரை வாசலில் நிறுத்திவைப்பது போலிருக்கிறது. இது வெறும் சடங்குதானே?

எம்.

அன்புள்ள எம்.,

சடங்குதான். ஆனால் பல நாடுகளில் அவர் பதவிக் கணக்கு ஓடத் தொடங்குவதே அதிலிருந்துதான் என்பதால் யாரும் அதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில், 13ஆம் பிரிவில் இருக்கிறது. அது இரண்டு வழி சொல்கிறது. அதிபரிடமோ மன்னரிடமோ கடிதத்தைக் கொடுத்த கணத்தில் பொறுப்பேற்றதாகக் கொள்ளலாம். அல்லது, வந்துவிட்டதாகத் தெரிவித்து, கடிதத்தின் நகலை வெளியுறவு அமைச்சகத்தில் கொடுத்ததுமே அப்படிக் கொள்ளலாம். எந்த வழி என்பதை ஏற்கும் நாடு முடிவு செய்துகொள்ளும். ஆனால் எல்லாத் தூதருக்கும் ஒரே வழிதான், ஆளுக்கு ஒன்று கூடாது. ஆகவே நீங்கள் படித்த தூதர் அந்த மூன்று வாரம் தூதரா என்பது எந்தத் தலைநகர் என்பதைப் பொறுத்தது.

அந்த நகலுக்காகத்தான் தூதர் இரண்டு உறைகளோடு வருகிறார். ஒன்று முத்திரையிட்டது, தன் நாட்டுத் தலைவர் அந்நாட்டுத் தலைவருக்கு எழுதிய மூலக் கடிதம். மற்றொன்று திறந்த நகல். வந்த சில நாட்களில் இதை வெளியுறவு அமைச்சரிடமோ புரோட்டோகால் தலைவரிடமோ கொடுத்துவிடுவார். முதல் வழியில் போகும் நாடு என்றால் பொது விழா, பத்திரிகைப் பேட்டி, மற்றத் தூதர்களை முறைப்படி சந்திப்பது எல்லாம் பெரும்பாலும் கடிதம் கொடுத்த பிறகுதான். அதுவரை தூதரகத்தின் பெயரால் பேசுபவர் அவரல்ல, தற்காலிகமாகத் தூதரகத்தை நடத்தும் பொறுப்புத் தூதர். விலக்குரிமை (கைது, வழக்கு ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு) மட்டும் காத்திருப்பதில்லை. பொறுப்பேற்க வந்தவர் எல்லைக்குள் கால் வைத்த நொடியிலிருந்தே அது உண்டு (39ஆம் பிரிவு).

கடிதத்தில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அற்பமானவை: பட்டப்பெயரில் பிழை, விடுபட்ட ஒரு சொல். கொஞ்சம் பெரியது ஒன்று உண்டு. கையெழுத்தான பிறகு ஏற்கும் நாட்டின் தலைவர் மாறிவிட்டால், பழையவர் பெயருக்கு எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புதிதாக எழுதி வரவழைக்கவேண்டும். அதற்குள் நாள் ஓடிவிடும்.

நாள் ஓடுவதில் என்ன நஷ்டம் என்றால், வரிசை. ஒரே தரத்துத் தூதர்களில் யார் முன்னால் என்பது பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் வைத்தே முடிவாகிறது. நாட்டின் பரப்போ படைபலமோ கணக்கில் வராது. முன்பு இதற்காக அரசவைகளில் அடிதடியே நடந்திருக்கிறது. 1815இல் வியன்னா மாநாடுதான் தேதிக் கணக்கைக் கொண்டுவந்தது. கடிதம் கொடுக்கும் வரிசையோ வந்து சேர்ந்த தேதி, நேரப்படி. ஒரே நாளில் இருவர் வந்தால் காலை விமானத்தில் இறங்கியவர் மாலை விமானக்காரருக்கு முன்னால் நிற்பார், அங்கே இருக்கும்வரை விருந்து மேசையிலும்.

உண்மையில் வாசலில் நிறுத்துவது இதற்கெல்லாம் முன்பே நடந்து முடிகிறது. ஒருவரைத் தூதராக அனுப்பும் முன் ‘அக்ரெமான்’ என்ற ஒப்புதலை ரகசியமாகக் கேட்பார்கள். மறுத்தால் காரணம் சொல்லவேண்டியதில்லை என்கிறது 4ஆம் பிரிவு. பெரும்பாலும் மறுப்பு என்ற சொல்கூட வராது. பதிலே வராமல் போகும். ஒப்புதல் வருமுன் பெயரை வெளியே விடுவதுதான் இதில் பெரிய தவறு, இரு தரப்பும் பின்வாங்க முடியாமல் மாட்டிக்கொள்ளும். 2015இல் இஸ்ரேல் பிரேசிலுக்குத் தூதராக அறிவித்த டேனி தயான் என்பவர் விஷயத்தில் பிரேசில் மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. கடைசியில் 2016இல் இஸ்ரேல் அவரை நியூயார்க்கில் துணைத்தூதரகத் தலைவராக நியமித்தது. ஆகவே உங்கள் தூதர் மூன்று வாரம் காத்திருந்தது மரியாதைக் குறைவு அல்ல. வேண்டாம் என்று நினைத்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்கமாட்டார்.

செய்தியில் வராத இன்னொரு தாள். முந்தைய தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டோம் என்ற கடிதத்தையும் பெரும்பாலும் புதியவரே தன் கடிதத்தோடு சேர்த்துக் கொடுக்கிறார். அந்த முந்தையவர் பெட்டி படுக்கையோடு ஊர் போய்ச் சேர்ந்து பல வாரம் ஆகியிருக்கும்.