சிங்கப்பூரில் கரிமருந்து ரிவால்வரா? வேண்டாம் தம்பி

கொல்லிமலைப் பக்கத்துத் தம்பி ஒருவர், எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதியில்) சிங்கப்பூர் வந்து நான்கு மாதம் ஆகிறதாம், கேட்டிருக்கிறார்: "தாத்தா உரிமம் வாங்கி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். எனக்கும் கரிமருந்து மேல் ஒரு பைத்தியம். அமெரிக்காவில் இந்தப் பழைய பாணி ரிவால்வரை லைசன்ஸ் இல்லாமலே தபாலில் வாங்கலாமாமே, சிங்கப்பூருக்கு ஒன்று தருவிக்கலாமா அண்ணா?"

தருவிக்காதீர்கள். ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. தோட்டா போடாமல் கரிமருந்தையும் (கரி, கந்தகம், வெடியுப்பு கலந்த பழைய வெடிமருந்து) குண்டையும் தனித்தனியாகக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கியை, அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் 'புராதனம்' என்று கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அங்கேயே சில மாநிலங்கள் அதை ஒப்புவதில்லை. அந்த விலக்கை நம்பி இங்கே பெட்டியை இறக்கினால் கதை வேறு. உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, கூடவே குறைந்தது 6 பிரம்படி. குற்றம் செய்யும் நோக்கத்தில் சுட்டால், குண்டு யார் மேலும் படாவிட்டாலும் மரண தண்டனை வரை போகும். 1973லிருந்து இதுதான் சட்டம். ஜெல் உருண்டை சுடும் பொம்மைத் துப்பாக்கியைக்கூட உரிமமின்றித் தருவிக்க முடியாது. 1972லேயே பட்டாசைத் தடை செய்த ஊர் இது. தீபாவளிக்கு நாங்கள் மத்தாப்போடு சரி.

சுடும் ஆசை மட்டும் என்றால் வழி இருக்கிறது. பழைய சுவா சூ காங் சாலையில் சுடுதளம் உண்டு, மன்றங்கள் உண்டு. துப்பாக்கி அங்கேயே பூட்டில் இருக்கும், வீட்டுக்கு வராது. பாஸில் இருப்பவரைச் சேர்ப்பார்களா என்று மன்றத்திடமே கேளுங்கள். விளையாட்டாக எடுத்தால் நல்ல விளையாட்டு; 2018 காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கினார். ஆனால் உங்களுக்கு வேண்டியது கரிமருந்துப் புகை. அதற்கு விமானம்தான் ஏற வேண்டும்.

நான் அப்படித்தான் டெக்சாஸில் மச்சான் வீட்டுக்குப் போனபோது சுட்டேன். அவரிடம் இருந்தது ரெமிங்டன் 1858 என்ற பழைய அமெரிக்க ரிவால்வரின் நகல், இத்தாலியில் செய்தது. (அந்த 1858 காப்புரிமை வாங்கிய ஆண்டு.) அங்கே முதன்முதலாக வாங்குகிறவருக்கு அதையே சொல்வேன். பழைய கோல்ட் ரிவால்வருக்கு மேலே உலோகச் சட்டகம் கிடையாது. ரெமிங்டனுக்கு குண்டு நிரப்பும் அறைகள் கொண்ட உருளையின் மேலேயும் எஃகுச் சட்டகம் ஓடுவதால் கட்டு உறுதி. பித்தளைச் சட்டகம் விலை குறைவு, ஆனால் நாளாக நாளாக இளகிவிடும்.

கெட்டிப்பதுதான் இதில் பாதி சுகம். மருந்தை அளவுக் குழாயில் பிடித்துத்தான் அறைக்குள் கொட்ட வேண்டும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் கொட்டினால், உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் குடுவையே கையில் வெடிக்கும். .44 அளவு ரிவால்வருக்கு 30 கிரெயின், அதாவது ஏறக்குறைய 2 கிராம். அதன்மேல் ஈயக்குண்டு. குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிது. குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலை அழுத்தினால் ஓரம் வளையமாகச் சீவிக்கொண்டு இறங்கும். அந்த வளையம் விழாவிட்டால் குண்டு சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம், பக்கத்து அறையும் சேர்ந்து தீப்பிடிக்கலாம். அறை வாயில் குண்டுக்கு மேல் கொஞ்சம் கொழுப்புத் தடவ வேண்டும். கேப் (சுத்தியல் அடித்ததும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்பு மூடி) கடைசியில்தான், அதுவும் குழலை இலக்குப் பக்கம் திருப்பிய பிறகு. ஆறு அறையில் ஐந்துதான் நிரப்பினோம். சுத்தியல் காலி அறைமேல் இருக்கட்டும் என்றார் மச்சான். புகையில்லா நவீன மருந்தை மறந்தும் போடக் கூடாது, துப்பாக்கியே சிதறிவிடும்.

விசையை இழுத்தேன். கை உதறும் என்று நினைத்தால், மெதுவாகத்தான் தள்ளியது. இலக்கு தெரியவில்லை, ஒரே வெண்புகை. கோயில் அதிர்வேட்டு போட்ட இடத்தில் நிற்கிற மாதிரி மணம். ஐந்தில் இரண்டு அட்டையில் பட்டது. மச்சான் நாலு என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், பாவம்.

அப்புறம் கழுவுகிற வேலை. அன்றைக்கே, சோப்பு போட்ட வெந்நீரில். சுட்டபின் படியும் கரி ஈரத்தை இழுக்கும், ஓரிரவு விட்டால் துரு. மைத்தண்ணீராக ஓடும், அழுகிய முட்டை நாற்றம் வேறு. மச்சான் மனைவி எங்களைச் சமையலறைக்குள் விடவில்லை.

திரும்பும்போதுதான் எனக்கு வயிறு கலங்கியது. மருந்தோ கேப்போ விமானத்தில் ஏறக் கூடாது, நினைவுப் பொருளாகக்கூட. அது தெரிந்துதான் பெட்டி கட்டினேன். முந்தின இரவு வீட்டுக்காரி துணி மடிக்க, கால்சட்டை மடிப்பிலிருந்து வெடித்த செப்புக் கேப் ஒன்று தரையில் உருண்டது. அவள் பார்த்த பார்வை! எல்லாப் பையையும் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் படுத்தோம். அந்தக் கால்சட்டை இன்றைக்கும் டெக்சாஸில்தான் கிடக்கிறது.