அதிகம் ஓடிய பழைய எஸ்யூவியின் ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றலாமா?

அவசரத்துக்கு ஊற்றலாம், வழக்கமாக்கக் கூடாது. கூலன்ட் என்பது எஞ்சினின் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் திரவம். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்காலும் தாதுக்கள் நீக்கிய நீரும், துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் கலந்தது. அந்தத் தடுப்புப் பொருள்கள் நாளடைவில் தீர்ந்துவிடுவதால், அளவு குறையாவிட்டாலும் வாகனக் கையேடு சொல்லும் இடைவெளியில் அதை முழுமையாக மாற்ற வேண்டும்.

சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் நீரில் உப்பு அதிகம். அந்நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் உப்புப் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. கத்திரி வெயிலில், கத்திப்பாரா நெரிசலில், ஏசியுடன் ஊர்ந்து செல்லும்போது, எதிர்க்காற்று இல்லாமல் மின்விசிறியை மட்டுமே நம்பியிருக்கும் பழைய எஞ்சின் அளவுமீறிச் சூடாகி, எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டும் பழுதாகலாம். கூலன்ட்டின் விலை அந்தச் செலவுக்கு முன் மிகச் சிறியது. பழைய எஸ்யூவி வாங்குவோர், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்ப்பதை நான் வலியுறுத்துவேன்: திரவம் செம்பழுப்பாக இருந்தால் உள்ளே துரு; எண்ணெய்ப் பசை மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உறைபனி விழும் ஊர்களுக்குத்தான் கூலன்ட் தேவை என்று பலர் எண்ணுவது தவறு. அது நீரின் கொதிநிலையையும் உயர்த்துவதால் சென்னை வெயிலுக்கும் அவசியம்.