பட்டாளத்தார் வீட்டு நினைவு மலர்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 2025 ஜூனில் தவறிப்போனார். 1969இல் பத்தொன்பது வயதில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 1986இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊரோடு வந்தவர். தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டை ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். முதலாண்டு நினைவுக்கு எட்டுப் பக்க மலர் போடுகிறோம்: ராணுவத்துக்கு ஆறு பக்கம், குடும்பத்துக்கு இரண்டு. பங்களாதேஷில் சண்டை போட்டவர் என்று சித்தப்பா எழுதித் தந்திருக்கிறார். அப்பா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கையில் இருப்பவை மூன்று மெடல் (படம் இணைத்திருக்கிறேன்), டிஸ்சார்ஜ் புத்தகம், டிரங்குப் பெட்டி, கொஞ்சம் கடிதங்கள், தானே புயலில் நனைந்து கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒரு குரூப் போட்டோ. எப்படி எழுதலாம்?

க., கடலூர்

அன்புள்ள க.,

பக்கக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சீருடையில் இருந்தது 17 வருடம், ஊரில் இருந்தது 39 வருடம். ராணுவத்துக்கு இரண்டு பக்கம் தாராளம். அதில் ஒரு வரிகூடத் தப்பாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

முதலில் மெடல். 1971 போருக்காகக் கொடுத்தவற்றில் பூர்வி ஸ்டார் கிழக்குக் களத்தில், அதாவது பங்களாதேஷ் பக்கம், இருந்தவர்களுக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்குக் களத்தில் இருந்தவர்களுக்கு. சங்கிராம் மெடல் எந்தக் களம் என்று பார்க்காமல் அந்தச் சமயம் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது. உங்கள் படத்தில் இருப்பவை சங்கிராம் மெடல், 1972 சுதந்திர வெள்ளிவிழா மெடல், 9 ஆண்டுப் பணி மெடல். ஸ்டார் இல்லை. தொலைந்தும் போயிருக்கலாம் என்பதால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மெடல்கள் எழுதிய இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் ‘1971 போரின்போது பணியில் இருந்தார்’ என்று மட்டும் எழுதுங்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. கூட இருந்த சிப்பாய் எவராவது மலரைப் படித்தால் அப்பாவுக்குத்தான் தலைக்குனிவு. மெடல் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். லென்ஸ் வைத்து டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வெறுமையாக இருந்தால் அது பிறகு கடையில் வாங்கியதாக இருக்கலாம்.

கடிதங்களில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் நிலைய முகவரிதான் இருக்கும். அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது, இடம் தெரியக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பணிபுரிந்த இடங்கள் வேண்டுமென்றால் அவருடைய எண், பதவி, பெயர், இறப்புச் சான்றிதழ் நகலோடு வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு அம்மா பெயரில் எழுதிக் கேளுங்கள். (புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் வீட்டாருக்கு இது பொருந்தாது. அவர்களுடைய கோப்புகள் பிரான்சில் போ நகர ராணுவக் காப்பகத்தில்.) விடுப்பில் வந்த மாதம் மறந்துபோயிருந்தால் பிள்ளைகளின் பிறந்த தேதியிலிருந்து சுமார் ஒன்பது மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள்.

பெட்டியைத் துடைத்துப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். மூடியில் வெள்ளையில் எழுதிய எண்ணையும் பெயரையும் பக்கவாட்டில் டார்ச் பிடித்துப் பாருங்கள். பதவி உயர உயரப் பழையதன் மேலேயே எழுதுவார்கள். ‘ஹவில்தார்’ என்பதற்கு அடியில் ‘நாயக்’ மேடு தட்டித் தெரியலாம். அந்தப் படம் ஒன்றே அரைப் பக்கத்துக்குச் சமம்.

குரூப் போட்டோவைக் கண்ணாடியிலிருந்து பிய்க்க வேண்டாம். நனைந்தபோது படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது; இப்போது இழுத்தால் முகங்கள் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே கறுப்புத் துணிக்கு எதிரே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் சாய்வாக வெளிச்சம் விட்டுப் படமெடுங்கள். ஃபிரேமின் பின்பலகையை மட்டும் மெல்லக் கழற்றுங்கள். யூனிட், ஊர், வருடம், பெயர் வரிசை எல்லாம் அட்டையின் அடியில் அச்சடித்திருக்கும், ஃபிரேம் கட்டை அதை மறைத்திருக்கும். அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும்.

மீதி ஆறு பக்கம்தான் கஷ்டம். ‘கண்டிப்பானவர், பாசமானவர்’ என்பதை எந்த ஓய்வுபெற்ற ராணுவத்தார் படத்துக்கும் கீழே ஒட்டலாம். அம்மாவிடம் ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்டால் அழத்தான் செய்வார். மணியார்டர் எந்தத் தேதி வரும், எவ்வளவு வரும், யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள், அதில் முதலில் எது வாங்குவீர்கள் என்று கேளுங்கள். முப்பத்தாறு வயதில் பென்ஷனோடு வந்தவர் அடுத்து என்ன வேலைக்குப் போனார், தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 அன்று வீட்டில் எதை முதலில் தூக்கி மேலே வைத்தார், பேரப்பிள்ளைகளை எதற்குத் திட்டுவார் என்று கேளுங்கள். கேன்டீன் கோட்டா பாட்டிலுக்காக வீட்டுக்கு வந்துபோன நண்பர்களையும் விட்டுவிடாதீர்கள். பெயரை அச்சில் போட வேண்டாம். வீட்டில் சொல்லாததையெல்லாம் அவர்களிடம் சொல்லியிருப்பார்.

டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) இரண்டின் அசலையும் அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள், பி.பி.ஓ. எண்ணை மலரில் போடவும் வேண்டாம். அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் மாறிவிட்டதா? இல்லையென்றால் அதை முதலில் பாருங்கள். புத்தகத்தில் அம்மா பெயரின் எழுத்தும் ஆதாரில் உள்ளதும் வேறாக இருந்தால் இழுக்கடிக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்வார்கள்.

அன்புடன்