விற்றவர் சொன்ன 25 எங்கே போனது? ஹைபிரிட் கார் கேள்வி-பதில்

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே 2022இல் பெற்றோலுக்காக நாள்கணக்கில் வரிசையில் நின்ற ஊர் நம்முடையது. அதற்குப் பிறகு திருகோணமலையில் "லீற்றருக்கு எத்தனை ஓடும்?" என்று கேட்காமல் யாரும் கார் வாங்குவதில்லை. கேள்வி நல்லதுதான். அதற்குக் கிடைக்கும் பதில்தான் பெரும்பாலும் விற்பவரின் ஆசையாக இருக்கிறது. இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே பெற்றோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பற்றரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களைப் பற்றியவை.

கேள்வி (உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை): சென்ற ஆண்டு 2014ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா ஹைபிரிட் ஒன்று வாங்கினோம். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்களுக்கு 17க்கு மேல் கிடைக்கவில்லை. கராஜில் காட்டினால் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஏமாந்துவிட்டோமா? பள்ளிக்கூடம், கடை, பிள்ளைகளின் ரியூஷன், இவ்வளவுதான் எங்கள் ஓட்டம்.

பதில்: பற்றரிக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். முதலில் அந்த 17 உண்மையான 17தானா என்று பார்ப்போம். கார்த் திரையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது பலவேளை கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே எரிபொருள் நிலையத்தில் தாங்கியை நிரப்புங்கள். பம்பு தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள், "இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றவிட வேண்டாம். கிலோமீற்றர் கணக்கைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். தாங்கி முக்கால்வாசி தீர்ந்ததும் அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். 412 கிலோமீற்றர் ஓடி 23.8 லீற்றர் ஊற்றினால் 17.3. இப்படி மூன்று முறை செய்து கொப்பியில் எழுதிவைத்த பிறகுதான் காரைக் குறை சொல்ல நமக்கு உரிமை வரும்.

அடுத்து, விற்றவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானில் 2011 டிசம்பரில் அக்வா வந்தபோது எரிபொருள் சிக்கனத்தை அளக்க அங்கே இருந்த ஜேசி08 சோதனையில் அதற்குக் கிடைத்த எண் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர். அந்தச் சோதனை ஆய்வுகூட உருளைகளின் மேல், ஏசியை அணைத்துவிட்டு நடப்பது. நம் ஊர் வெயிலில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? விற்றவர் மாதம் நான்கு தடவை கொழும்புக்குப் போய்வந்தவராக இருந்தால் அவருக்கு 25 கிடைத்திருக்கும். அதே கார் உங்கள் வீட்டுக்கு வந்து நான்கைந்து கிலோமீற்றர் ஓட்டங்களுக்குப் பழகியதும் 17 ஆகிவிட்டது.

காரணம் இதுதான். ஒவ்வொரு முறை குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதும், பற்றரி நிரம்பியிருந்தாலும்கூட, என்ஜின் தன்னையும் புகைபோக்கியில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியையும் சூடாக்கிக்கொள்வதற்காக ஓடும். அந்தச் சில நிமிடங்களில் ஹைபிரிட்டின் சாமர்த்தியம் எதுவும் வேலை செய்யாது. நீங்கள் பள்ளிக்கூட வாசலை அடையும்போதுதான் அது தயாராகிறது. அப்போது நீங்கள் சாவியை எடுத்துவிடுகிறீர்கள். மாலையில் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூடம், சந்தை, வங்கி மூன்றையும் ஒரே சுற்றாக முடித்தால், இரண்டாவது மூன்றாவது நிறுத்தங்களுக்குச் சூடான என்ஜின் கிடைக்கும். இதற்குக் காசு செலவில்லை, கராஜும் வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். ரியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருக்கிறீர்களா? அக்வாவின் ஏசி பற்றரியில் ஓடுகிறது. பற்றரி இறங்கியதும் அதை நிரப்ப என்ஜின் கிளம்பும், நிற்கும், மறுபடி கிளம்பும். பெற்றோல் போகிறது, தூரமோ சுழியம். ஒரு மரநிழலும் திறந்த கண்ணாடியும் உங்கள் சராசரியைக் கண்ணுக்குத் தெரியும்படி உயர்த்தும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கி அரை நிமிடம் ஓட்டி, அனலை வெளியேற்றிய பிறகு ஏசியைப் போடுங்கள். 25, 26 பாகையில் வைத்தால் போதும்.

டயர்க் காற்றைக் காலையில், கார் ஓடுவதற்கு முன் பாருங்கள். அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், ஜப்பானியக் காரானால் கிலோபாஸ்கலில் இருக்கும். 220 என்றால் ஏறத்தாழ 32 பிஎஸ்ஐ. அடுத்து என்ஜின் எண்ணெய். இந்தக் காருக்கு உரியது 0டபிள்யூ-20 என்ற மெல்லிய எண்ணெய். "நம் நாட்டுச் சூட்டுக்குத் தடித்ததுதான் நல்லது" என்று ஊற்றிவிடும் கராஜ்காரர்கள் உண்டு. அந்தத் தடிப்பைச் சுழற்ற ஆகும் செலவு உங்களுடையது.

கடலோர ஊர்க்காரர்கள் எல்லோருமே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹைபிரிட் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டார் செய்துவிடுவதால் பிரேக் பேடுகளுக்கு வேலை குறைவு. "பார், பேட் தேயவே இல்லை" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் வேலை செய்யாத இரும்பை நிலாவெளிப் பக்கத்து உப்புக் காற்று சும்மா விடாது. பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரின் ஊசிகள் துருப்பிடித்து இறுகி, காலை எடுத்த பின்னும் பிரேக் சக்கரத்தை லேசாகப் பிடித்தபடியே இருக்கும். அப்படியொரு காரை என்னதான் பக்குவமாக ஓட்டினாலும் பெற்றோல் போய்க்கொண்டுதான் இருக்கும். சேர்விசின்போது நான்கு சக்கரங்களையும் உயர்த்தி, கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் இறுக்கமாகச் சுற்றினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகே பற்றரி. அக்வாவின் பற்றரி தலா 7.2 வோல்ட் கொண்ட இருபது கட்டுகள் சேர்ந்த 144 வோல்ட் நிக்கல் பற்றரி. அது தளரும்போது திரையில் உள்ள பற்றரிப் படம் சட்டென்று நிரம்பும், சட்டென்று இறங்கும். பின்னிருக்கைப் பக்கத்தில் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி இரைந்துகொண்டே இருக்கும். இவை இல்லாவிட்டால் அவசரமில்லை. இருந்தாலும்கூட முதலில் அந்த விசிறியின் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். புத்தகப்பை, துவாய், கடற்கரை மணல் என்று அடைத்திருந்தால் சுத்தம் செய்வதே போதுமாயிருக்கலாம். அதற்கும் மேல் சந்தேகம் என்றால், கணினி இணைத்து, காரை ஓட்டியபடி கட்டுகள் சேர்ந்த ஒவ்வொரு தொகுதியின் வோல்ட் அளவையும் எடுத்துத் தாளில் தரக் கேளுங்கள். "போய்விட்டது" என்ற வாய்ச்சொல் மட்டும் கிடைத்தால் அந்த வாசலை விட்டு வந்துவிடுங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் முழுப் பற்றரியா, பழுதான சில கட்டுகள் மட்டுமா என்று கேளுங்கள். சில கட்டுகளை மட்டும் மாற்றினால், பழைய வேட்டியில் புதுத் துண்டு தைத்த கதைதான். கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டும் போகலாம். உத்தரவாதத்தை எழுத்தில், காரின் அடிச்சட்ட இலக்கத்தோடு வாங்குங்கள்.

கேள்வி (கிண்ணியாவிலிருந்து): பாலத்தை நெருங்கும்போதும் சந்தியில் நிற்கும்போதும் கியரை நியூட்ரலில் போட்டால் பெற்றோல் மிஞ்சும் என்று மச்சான் சொல்கிறார். மின்சாரத்தில் மட்டும் ஓடவைக்கும் ஈவி பொத்தானை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கவும் சொல்கிறார். சரியா?

பதில்: மச்சான் முன்பு ஓட்டியது பழைய கியர்ப்பெட்டிக் காராக இருக்கும். ஹைபிரிட்டில் இது தலைகீழ். காலை எடுத்ததும் காரின் ஓட்டம் மோட்டாரைச் சுழற்றி மின்சாரமாகிப் பற்றரிக்குத் திரும்பும். நியூட்ரலில் போட்டால் அந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம். நிற்கும்போதும் நியூட்ரலில் பற்றரி நிரம்பாது. டி-யிலேயே விட்டு பிரேக்கை மிதியுங்கள், போதும்.

ஈவி பொத்தான் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. இப்போது செலவழித்ததைப் பிறகு என்ஜின் பெற்றோல் எரித்துத்தான் திருப்பி வைக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் நட்டமும் ஆகும். இரவு பதினொரு மணிக்கு மாமியார் வீட்டு முற்றத்திலிருந்து சத்தமில்லாமல் கிளம்ப அது நல்ல பொத்தான். B என்று எழுதியிருக்கும் பி கியரும் அப்படித்தான்: நீண்ட இறக்கத்துக்கு உரியது, சமதரைக்கு அல்ல.

உங்கள் மச்சானிடம் இதைச் சொல்லுங்கள்: அக்வாவிலும் பிரியஸிலும் திரையின் ஒரு பக்கத்தில் "சார்ஜ்" என்று ஒரு பட்டை இருக்கிறது. பிரேக்கை மெல்ல, நேரத்தோடு மிதித்தால் பட்டை அந்தப் பக்கம் நகரும்; அதெல்லாம் திரும்பக் கிடைக்கும் சக்தி. கடைசி நேரத்தில் ஓங்கி மிதித்தால் மிச்சமெல்லாம் பேடில் சூடாகிக் காற்றோடு போய்விடும். திரும்பக் கிடைப்பதும் முழுதாகக் கிடைப்பதில்லை. ஆகவே மிகச் சிறந்த பிரேக், மிதிக்காத பிரேக். முன்னே ஆட்டோ நிற்கப்போகிறது, மாடு கடக்கிறது, பாடசாலை விட்டுவிட்டது என்று நூறு மீற்றருக்கு முன்பே பார்த்துக் காலை எடுப்பவரிடம் எந்தக் காரும் நன்றாக ஓடும். ஹைபிரிட் இன்னும் நன்றாக ஓடும்.

கேள்வி (கந்தளாயிலிருந்து): வியாபாரத்துக்காக அடிக்கடி ஹபரணை வழியாகக் கொழும்பு போகிறேன். போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. நீண்ட பாதையில் ஹைபிரிட்டுக்குப் பலனே இல்லை என்கிறார்கள், உண்மையா?

பதில்: பலன் குறையும், இல்லாமல் போகாது. ஒரே வேகத்தில் ஓடும்போது பிரேக்கே மிதிப்பதில்லை, ஆகவே திரும்பச் சேமிக்க ஒன்றுமில்லை. ஆனால் அக்வா, பிரியஸ் போன்ற கார்களின் என்ஜின் அட்கின்சன் முறையில் சிக்கனத்துக்கென்றே அமைக்கப்பட்டது. அது தன் பங்கைச் செய்யும்.

நெடும்பாதையில் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: மணிக்கு 70 கிலோமீற்றரில் இருப்பதைவிட 90இல் 65 சதவீதம் கூடுதல். நகருக்கு வெளியே கார்களுக்குச் சட்டம் அனுமதிப்பதும் 70தான். ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றர். 90இல் பறந்தாலும் கணக்கின்படி மிஞ்சுவது கால் மணித்தியாலம், அதையும் வழியில் ஒரு தேநீர் தின்றுவிடும். யானை குறுக்கிடும் பாதை அது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போகும்போதும் வரும்போதும் கணக்கு மாறுவதற்கு ஆடியில் வீசும் கச்சான் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் போவது தென்மேற்கு நோக்கி, காற்று வருவதும் அந்தப் பக்கமிருந்துதான். 20 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், மீட்டரில் 70 காட்டும்போதே உங்கள் கார் காற்றுக்கு எதிராக 90இல் போகிறது. வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளிவிடும். ஆகவே ஒருவழிக் கணக்கைப் பார்த்துக் காரைத் திட்டவோ புகழவோ வேண்டாம், போய்வந்து வகுங்கள்.

கேள்வி (பாலையூற்றிலிருந்து): 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் கூடுதலாக ஓடுமா?

பதில்: அக்வா, பிரியஸ், வேகன் ஆர் ஆகியவற்றுக்கு ஓடாது. ஜப்பானில் இவை சாதாரண பெற்றோலுக்காகவே செய்யப்பட்டவை. அங்கே சாதாரண பெற்றோலின் ஒக்டேன் அளவு குறைந்தது 89. நம் 92 அதைவிட மேல். ஒக்டேன் என்பது பெற்றோல் நேரத்துக்கு முன் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் அளவே தவிர, அதில் அடங்கிய சக்தியின் அளவு அல்ல. காரின் கையேடு உயர் ஒக்டேன் கேட்டால் மட்டும் 95.

கேள்வி (மூதூரிலிருந்து): வேகன் ஆர் ஹைபிரிட் வாங்க முன்பணம் கொடுக்கப்போகிறேன். நண்பர் ஒருவர் "அது ஹைபிரிட்டே இல்லை" என்கிறார்.

பதில்: நண்பர் பாதி சரி. அதில் இருப்பது மென் ஹைபிரிட். ஒரு சிறிய மோட்டார் என்ஜினைக் கிளப்பவும், வேகம் எடுக்கும்போது கைகொடுக்கவும், நிற்கும் தறுவாயில் சில விநாடிகள் ஊர்ந்து செல்லவும் உதவும். அக்வாபோல மின்சாரத்திலேயே தெருவைக் கடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். ஆனால் கார் இலேசு, என்ஜின் 660 சிசிக்குள். நகருக்குள் நன்றாகவே சிக்கனம் பிடிக்கும். பெரிய பற்றரி இல்லாததால் பெரிய பற்றரிச் செலவும் இல்லை, அதை நான் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். வாங்குங்கள், ஆனால் "ஹைபிரிட்" என்ற எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். நான்கு பேரோடும் மூட்டையோடும் கிழமைதோறும் கொழும்பு போகிறவர் என்றால் வேறு கார் பாருங்கள்.

கேள்வி (உவர்மலையிலிருந்து): பெற்றோல் குழாயில் காந்தம் பூட்டினால் 20 சதவீதம் மிச்சமாகும் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெற்றோல் காந்தத்துக்கு அசையாது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டயர்க் காற்றுமானி வாங்குங்கள்.